கார் கழுவிய பையனின் பக்கம்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே காகிதத்தில் மறுப்பு எழுதத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனாலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'கல்லூரிக் கால்பந்தில் ஒரு நல்ல பயிற்சியாளரை உருவாக்குவது களத்தில் பெற்ற புகழா, கோட்டோரத்தில் கற்ற பாடமா?' இதுதான் இன்றைய தலைப்பு. அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறோம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா ஒருவர், "பந்து நீள்வட்டமாக இருக்கிறதே, அதை எப்படி உதைப்பார்கள்?" என்று கேட்டார். அதிகம் உதைப்பதில்லை அம்மா. தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், பிடிக்கிறார்கள். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். எல்லைவரை கொண்டுபோய்ச் சேர்த்தால் டச் டவுன். இடையில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவதெல்லாம் சட்டப்படியே நடக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும், எங்கள் சண்டை புரியும்.

எதிரணித் தலைவர் ஆரஞ்சு நிறச் சட்டையும் நீல நிறக் கழுத்துப்பட்டையும் அணிந்து வந்திருக்கிறார். மகன் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான் என்பதை அவர் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. வந்தார், ஸ்டீவ் ஸ்பரியர் என்று ஒரே பெயரைச் சொன்னார், பத்து நிமிடம் கைதட்டல் வாங்கினார், போய் உட்கார்ந்துவிட்டார். 1966-ல் ஃப்ளோரிடாவுக்கு ஆபர்ன் அணியோடு ஆட்டம் 27-27 என்று நிற்கிறது; பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான ஸ்பரியர் தானே முன்வந்து 40 யார்டு தூரத்திலிருந்து உதைத்து 30-27 என்று வென்று கொடுத்தார். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை அந்த ஆண்டு அவருக்குத்தான். 1990-ல் தாய்க் கல்லூரிக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். 1996-ல் தேசியப் பட்டம். அதே ஆண்டு அவருடைய குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபலுக்கும் ஹைஸ்மன். தானும் அந்தக் கோப்பையை வாங்கி, தன் மாணவனையும் வாங்க வைத்த முதல் மனிதர்.

இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் 1966-க்கும் 1990-க்கும் நடுவில் 24 ஆண்டுகள் இருக்கின்றன, ஐயா. எதிரணித் தலைவர் அவற்றை ஒரே தாவலில் தாண்டிவிட்டார். அனுமன் கடலைத் தாண்டியபோதுகூட நடுவில் மைநாக மலையைத் தொட்டுவிட்டுப் போனான். இவர் எதையும் தொடவில்லை. அந்த 24 ஆண்டுகளில் என்ன நடந்தது? நான் சொல்கிறேன்.

1967-ல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது சான் பிரான்சிஸ்கோ அணி ஸ்பரியரை மூன்றாவது தேர்வாக எடுத்தது. அங்கே ஜான் புரோடி என்ற குவார்ட்டர்பேக் இருந்தார். நம்மவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக, இடையிடையே பந்தை உதைத்துக் கொடுப்பவராக, ஒன்பது சீசன்கள் அங்கே இருந்தார். கல்லூரியில் அவர் பெயரைச் சொல்லிக் கூட்டம் கூவிய காது, இங்கே வேறொருவர் பெயரைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. 1976-ல் டாம்பா பே என்ற புதிய அணிக்குப் போனார். அந்த ஆண்டு 14 ஆட்டங்கள். பதினான்கும் தோல்வி! 1978-ல் ஃப்ளோரிடாவிலேயே உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது; அந்த ஆண்டோடு தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், இவருடைய வேலையும் போனது. மறு ஆண்டு ஜார்ஜியா டெக். அங்கும் அதே கதை. பிறகு டியூக். கூடைப்பந்துக்குப் பேர்போன கல்லூரி. அங்கே கால்பந்து என்றால் மாணவர்களே யோசிப்பார்கள். அந்த டியூக்கை 1989-ல் ஏசிசி என்ற கல்லூரிப் பிரிவின் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஃப்ளோரிடா அவரைத் திரும்ப அழைத்தது.

எதிரணித் தலைவர் அவர்களே, உங்கள் ஸ்பரியரைப் பயிற்சியாளராக ஆக்கியது அந்த 40 யார்டு உதையா? ஒன்பது சீசன் பெஞ்சும், பதினான்கு தோல்வியும், இரண்டு முறை பறிபோன வேலையும் சேர்ந்து ஆக்கின. நீங்கள் அழைத்துவந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறார். குறுக்கு விசாரணைக்கு நன்றி.

இன்னொன்றையும் கேளுங்கள். ஹைஸ்மன் கோப்பை 1935 முதல் வழங்கப்பட்டு வருகிறது. அத்தனை பேரில், பின்னாளில் தலைமைப் பயிற்சியாளராகி முதல் நிலைப் பிரிவில் தேசியப் பட்டம் வென்றவர் ஸ்பரியர் ஒருவரே. புகழ்தான் பயிற்சியாளரை உருவாக்குகிறது என்றால் மற்றவர்கள் எங்கே? 1957-ல் அதே கோப்பையை வென்ற ஜான் டேவிட் குரோ, லூசியானாவின் வடகிழக்கு மூலையில் இருந்த ஒரு கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போனார். நல்ல மனிதர், பெரிய ஆட்டக்காரர்; ஆனால் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகமாகிப் போயின. அந்தக் கல்லூரியை மறந்துவிடாதீர்கள், இன்னும் சற்று நேரத்தில் அது திரும்ப வரும்.

பெரிய ஆட்டக்காரருக்கு ஏன் இந்தச் சிக்கல்? எங்கள் பாட்டியிடம் மீன் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் 'கண்ணளவு' என்பார். அவருடைய கண்ணை நாம் எங்கே போய் வாங்குவது? உடம்பிலேயே ஊறிய வித்தையைப் பிரித்துச் சொல்ல வராது. முட்டி மோதி, எது முதல் அடி, எது இரண்டாம் அடி என்று எண்ணி எண்ணிக் கற்றவனுக்குத்தான் பிறருக்கு எடுத்துச்சொல்ல வரும்.

அப்படி ஒருவரைத்தான் சபை முன் நிறுத்தப் போகிறேன். அவர் பெயர் நிக் சேபன். கல்லூரிக் கால்பந்தில் ஏழு தேசியப் பட்டங்கள். அவரைவிட அதிகம் வென்ற பயிற்சியாளர் நவீன காலத்தில் எவரும் இல்லை. ஹைஸ்மன் பட்டியலைத் தலைகீழாகப் புரட்டினாலும் அவர் பெயர் கிடைக்காது.

1951-ல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். அப்பாவின் பெயரும் நிக் சேபன்தான். பெட்ரோல் நிலையம் நடத்தினார். மாலை நேரத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகளைப் பழைய பஸ் ஒன்றில் ஏற்றிவந்து, ஐடமே பிளாக் டைமண்ட்ஸ் என்ற சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். மகனுக்குப் பெட்ரோல் நிலையத்தில் வேலை: பெட்ரோல் போட வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும், டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும், கார் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் அப்பா வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார். எங்காவது ஒரே ஒரு கோடு, தண்ணீர் காய்ந்த ஒரு தடம் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போக முடியாது. முழுக் காரையும் மறுபடி கழுவ வேண்டும். அடர்நீலக் காரும் கறுப்புக் காரும் உள்ளே வருவதைப் பார்த்தாலே பையனுக்கு வயிற்றைக் கலக்குமாம். அந்த நிறங்களில்தான் தடம் பளிச்சென்று தெரியும். பின்னாளில் சேபனே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். எதிரணியினரே, உங்கள் 'களத்தில் பெற்ற புகழ்' இந்தக் காட்சியில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். சோப்பு நுரைதான் கிடைக்கும்.

சேபன் ஆடவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, ஆடினார். பள்ளியில் குவார்ட்டர்பேக், அவருடைய சிறிய பள்ளி மாநிலப் பட்டமே வென்றது. பிறகு ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். பெரிய கல்லூரிகள் வரிசையில் வைக்காத இடம். அங்கே அவரைப் பின்வரிசைத் தற்காப்புக்கு மாற்றினார்கள். எதிரணி பந்தை எறியும்போது பின்னால் நின்று மறிக்கும் வேலை. அதே அணியில் ஜாக் லாம்பர்ட் என்று ஒருவர் இருந்தார். அவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்குப் போனார், தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை நான்கு முறை வென்றார், புகழரங்கில் இடம்பெற்றார். சேபனுக்குத் தொழில்முறை ஆட்டம் வாய்க்கவில்லை.

படிப்பு முடிந்துவிட்டது. மனைவி டெரிக்கு இன்னும் ஓராண்டு படிப்புப் பாக்கி. ஊரைவிட்டுப் போக முடியாது. கென்ட் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் டான் ஜேம்ஸ் கூப்பிட்டு, மேற்படிப்புப் படித்துக்கொண்டே உதவியாளராக இருக்கிறாயா என்று கேட்டார். சேபனுக்குப் பயிற்சியாளர் ஆகும் எண்ணமே இல்லை. கார் விற்பனை நிலையம் வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. சரி, ஓராண்டுதானே என்று சேர்ந்தார். 1973-ல் சேர்ந்தவர் 2024 ஜனவரியில்தான் ஓய்வு பெற்றார். மனைவியின் படிப்புக்காகக் காத்திருந்ததால் ஒரு தேசத்துக்கே கோச் கிடைத்தார்! இங்கே அமர்ந்திருக்கும் கணவன்மார்கள் கவனிக்கவும். கார் விற்பனை நிலையமும் பின்னாளில் வைத்துவிட்டார் என்பது வேறு கதை.

அந்த முதல் ஆண்டிலேயே அப்பா மாரடைப்பில் இறந்தார். மகன் தலைமைப் பயிற்சியாளர் ஆனதை அவர் பார்க்கவில்லை.

சேர்ந்த பிறகாவது பாதை நேராக இருந்ததா? கென்ட் ஸ்டேட், சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், கடற்படைக் கல்லூரி, மிஷிகன் ஸ்டேட், ஹூஸ்டன் ஆயிலர்ஸ். 17 ஆண்டுகளில் ஏழு அணிகள், எல்லாவற்றிலும் உதவியாளர். ஒஹாயோ ஸ்டேட்டில் வேலையிலிருந்தே நீக்கினார்கள். நம் வீடுகளில் ஒரு பையன் இத்தனை ஊர் மாறினால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். 1990-ல் டொலீடோவில்தான் முதல் தலைமைப் பொறுப்பு; ஒன்பது வெற்றி, இரண்டு தோல்வி. ஓராண்டு முடிந்ததும் அதையும் விட்டுவிட்டு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு, பில் பெலிசிக்கின் கீழ் தற்காப்புப் பொறுப்பாளராகப் போனார். தலைவராக இருந்தவர் மறுபடி உதவியாளராக இறங்கினார், ஐயா. 1994-ல் அந்த லீகிலேயே எதிரணிகளுக்கு மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்தது அவருடைய தற்காப்பு. அந்த பெலிசிக் யார்? பின்னாளில் ஆறு சூப்பர் பௌல் வென்ற தலைமைப் பயிற்சியாளர். ஆட்டக்காரராக? கனெக்டிகட்டின் வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் ஆடியவர். புகழ் அங்கேயும் இல்லை.

இப்போது 1998 நவம்பருக்கு வாருங்கள். சேபன் மிஷிகன் ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர். அணி தோற்பதும் வெல்வதுமாகத் தள்ளாடுகிறது. எதிரே ஒஹாயோ ஸ்டேட், அந்த சீசனில் தோல்வியே காணாமல் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் அணி, அதுவும் அவர்கள் சொந்த மைதானத்தில். சேபன் யாரிடம் போனார்? முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரரிடமா? அதே பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் லயனல் ரோசனிடம் போனார். பேராசிரியர் சொன்னது இதுதான்: ஒரு ஆட்ட முயற்சி சராசரியாக ஏழு விநாடி நீடிக்கிறது. பையன்களிடம் வெற்றியைப் பற்றிப் பேசாதீர்கள். ஸ்கோர்போர்டைப் பார்க்க விடாதீர்கள். இந்த ஏழு விநாடியை முழுமையாக ஆடு, மறந்துவிடு, அடுத்த ஏழு விநாடிக்கு வா. அவ்வளவுதான்.

24-9 என்று பின்தங்கியிருந்த மிஷிகன் ஸ்டேட் 28-24 என்று வென்றது.

அன்று பிடித்த அந்த வழியைத்தான் பிறகு அமெரிக்கா முழுவதும் 'பிராசஸ்' என்ற பெயரில் பேசினார்கள். 2003-ல் லூசியானா ஸ்டேட் அணியோடு சேபனுக்கு முதல் தேசியப் பட்டம் வாங்கித் தந்ததும் இதே வழிதான். சபையோரே, சற்று யோசித்துப் பாருங்கள். ஏழு விநாடி, மறந்துவிடு, மறுபடி முழுமையாக. தடம் இருந்தால் முழுக் காரையும் மறுபடி கழுவு. அப்பா பெட்ரோல் நிலையத்தில் போட்ட பாடமும் பேராசிரியர் மருத்துவ நூல்களிலிருந்து எடுத்துக் கொடுத்த பாடமும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்துகின்றன. இரண்டில் எதையும் அவர் களத்தில் கைதட்டல் வாங்கிக் கற்கவில்லை.

2007-ல் அலபாமாவுக்கு வந்தார். அந்த ஏப்ரலில் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிய பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க 92,138 பேர் வந்தார்கள். பயிற்சி ஆட்டத்துக்கு! அந்த மாநிலத்தில் இது விளையாட்டா வழிபாடா என்று நான் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் அதே நவம்பரில் என்ன நடந்தது தெரியுமா? லூசியானா-மன்றோ என்ற சிறிய கல்லூரி சொந்த மைதானத்திலேயே அலபாமாவை 21-14 என்று தோற்கடித்தது. குரோ பயிற்சியளித்ததாகச் சொன்னேனே, அதே கல்லூரிதான். பெயர் மட்டும் மாறியிருந்தது. அலபாமா அணியின் சின்னம் யானை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் முன்னோர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களோ என்னவோ. இரண்டே ஆண்டில், 2009-ல், அதே யானை ஒரு தோல்வியும் இல்லாமல் 14 ஆட்டங்களையும் வென்று பட்டத்தைத் தூக்கியது. பிறகு 2011, 2012, 2015, 2017, 2020.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் இப்போது ஏதோ குறித்துக்கொள்கிறார். என்ன என்று எனக்குத் தெரியும். "சேபன் பின்வரிசைத் தற்காப்பில் ஆடியவர், தலைமைப் பயிற்சியாளரான பிறகும் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்தப் பின்வரிசைப் பையன்களுக்குத் தானே நேரில் இறங்கிக் கற்றுக்கொடுத்தார். அப்படியானால் ஆடிய அனுபவம்தானே உதவியது?" என்று கேட்பார். கேளுங்கள். ஆடியது உதவவில்லை என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை. தலைப்பில் இருப்பது 'புகழ்'. பின்வரிசையில் நிற்பவனுக்கு அது வாய்ப்பதே அரிது. பந்து வேறெங்கோ போகும். இவன் 53 யார்டு அகலத்தையும் கண்ணால் அளந்துகொண்டு பின்னோக்கி ஓடுவான். சரியாகச் செய்தால் எவருக்கும் தெரியாது. தவறினால் ஊருக்கே தெரியும். கென்ட் ஸ்டேட்டில் அவர் கற்றது அந்த அளவெடுக்கும் வேலை.

இந்த அலபாமாவிலேயே, சேபனுக்கு முன்பு கடவுளுக்கு அடுத்த நிலையில் வைத்திருந்தது பேர் பிரையன்ட் என்ற பயிற்சியாளரை. அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935 புத்தாண்டு நாளில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 29-13 என்று வென்ற அலபாமா அணியில் இரண்டு முனைகளிலும் பந்தைப் பிடிக்க இருவர் இருந்தார்கள். ஒரு முனையில் டான் ஹட்சன். நட்சத்திரம் என்றால் நட்சத்திரம். பிறகு கிரீன் பே அணிக்குப் போய் எறிந்த பந்தைப் பிடித்து 99 டச் டவுன். அந்தச் சாதனையை 1989-ல்தான் ஒருவர் முறியடித்தார். இன்னொரு முனையில் நின்றவரை எல்லோரும் 'அந்த இன்னொரு முனை' என்றுதான் அழைத்தார்கள். அந்த இன்னொரு முனைதான் பிரையன்ட். டென்னசி அணிக்கு எதிராக முறிந்த கால் எலும்போடு ஆடிய முரடர் அவர். ஆனாலும் நட்சத்திரம் ஹட்சன்தான். கடைசியில் 323 வெற்றிகளும் ஆறு தேசியப் பட்டங்களும் கொண்ட பயிற்சியாளர் ஆனவர் யார்? ஹட்சன் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராகவே இருந்ததில்லை. ஒரே ஆண்டு, ஒரே அணி, ஒரே பயிற்சி, இரண்டு முனைகள். நடுவர் ஐயா, இதைவிடத் துல்லியமான சோதனையை யாராலும் வேண்டுமென்றே ஏற்பாடு செய்ய முடியாது.

இப்போது எதிரணித் தங்கைக்கு வருகிறேன். நன்றாகப் பேசினார். அவர் சொன்னது: "பதினெட்டு வயதுப் பையன் யார் பேச்சைக் கேட்பான்? பெயர் உள்ளவர் பேச்சைத்தான் கேட்பான். பெரிய நட்சத்திர ஆட்டக்காரராக இருந்த டியான் சாண்டர்ஸைப் பாருங்கள். அவர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்ததும் நாடே திரும்பிப் பார்த்தது." உண்மை. வீட்டுக் கதவைத் தட்டினால் புகழ் உடனே திறக்க வைக்கும். பையனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் வைக்கும். 2023-ல் முதல் மூன்று ஆட்டங்களை வென்ற அதே அணி நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று சீசனை முடித்ததையும் தங்கை சொல்லியிருக்கலாம். மறு ஆண்டு ஒன்பது ஆட்டங்களை வென்றார்கள். அதை நானும் மறைக்கவில்லை.

ஆனால் பேச்சைக் கேட்பது என்றால் என்ன என்று காட்டுகிறேன். 2018 ஜனவரி 8, அட்லான்டா. தேசிய இறுதி ஆட்டம். எதிரே ஜார்ஜியா. இடைவேளையில் 13-0, அலபாமா ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் இரண்டு ஆண்டுகளில் இரண்டே ஆட்டம் தோற்றவர். அவரை உட்கார வைத்துவிட்டு, டுவா டாகோவைலோவா என்ற முதலாண்டு மாணவரைச் சேபன் இறக்கினார். அலபாமாக்காரர்கள் எத்தனை பேர் அந்த நேரத்தில் தொலைக்காட்சியைத் திட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆட்டம் 20-20 என்று சமன் ஆகி, வெல்லும் உதையும் கடைசி விநாடியில் தவறி, கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா 51 யார்டிலிருந்து உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. அலபாமாவின் முறை. முதல் முயற்சியிலேயே டுவா பந்தை விடாமல் வைத்துக்கொண்டு பின்னால் பின்னால் ஓடி 16 யார்டு இழந்து விழுந்தார். இரண்டாம் முயற்சி, போக வேண்டியது 26 யார்டு. பையன் எழுந்தார். பார்வையை வேறு பக்கம் காட்டித் தற்காப்பை ஏமாற்றிவிட்டு, இடப்பக்க ஓரத்தில் ஓடிய டிவான்ட்டா ஸ்மித்தை நோக்கி எறிந்தார். 41 யார்டு. டச் டவுன். 26-23.

சற்று முன் நடந்த அந்த விழுகையை மறந்துவிட்டு அடுத்த முயற்சிக்கு வந்தார் பார்த்தீர்களா? அந்த ஏழு விநாடிப் பாடம்தான். டுவா பிறந்தது 1998-ல், அந்தப் பாடத்தைச் சேபன் கற்ற அதே ஆண்டில். கென்ட் ஸ்டேட்டில் சேபன் ஆடியதை அவர் பார்த்திருக்க வழியே இல்லை.

உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ்? கோபித்துக்கொண்டு அன்றே பெட்டியைக் கட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே மைதானத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவாவுக்குக் காயம்பட்டது. ஹர்ட்ஸ் உள்ளே வந்தார், ஒரு டச் டவுனை எறிந்தார், ஒன்றை ஓடியே எடுத்தார், 35-28. இருபது வயதுப் பையன் ஒருவன் ஊரறிய உட்கார வைக்கப்பட்ட பிறகும் அந்த மனிதருக்காகத் தயாராக இருந்தான் என்றால், அந்த மனிதர் எந்தக் கோப்பை வாங்கினார் என்று விசாரித்துவிட்டா இருந்தான்? தங்கை இதற்குப் பதில் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும், இல்லையென்றால் எதிரணி எடுத்துக் காட்டும். சேபன் 2005-லும் 2006-லும் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்தார். 15 வெற்றி, 17 தோல்வி. டிரூ பிரீஸ் என்ற குவார்ட்டர்பேக்கின் தோள் காயத்தை நினைத்துத் தயங்கி அவரை விட்டுவிட்டார்கள். அவர் நியூ ஆர்லியன்ஸ் போய்ப் பெரும் புகழ் பெற்றார். அதோடு, நான் அலபாமாவுக்குப் போகமாட்டேன் என்று 2006 டிசம்பர் 21 அன்று நிருபர்களிடம் சொன்னவர் ஜனவரி 3 அன்று அலபாமாவின் பயிற்சியாளர் ஆனார். மயாமிக்காரர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் அணி அவரை மகாத்மா என்று முன்மொழியவில்லை, ஆசிரியர் என்றுதான் முன்மொழிகிறோம். மயாமியில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு, வயது உண்டு, குடும்பம் உண்டு. காரை மறுபடி கழுவு என்றால் கழுவமாட்டார்கள். கற்றுக்கொள்ள வந்த மாணவன் இருக்கும் இடத்தில்தான் இவருடைய வித்தை முழுதாகப் பலித்தது. இதுவும் எங்கள் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன்.

மணி ஒருமுறை அடித்துவிட்டது. எனக்குப் பின்னால் வரப்போகும் எதிரணி நண்பர் கையில் சிவப்பு, கறுப்பு நிறத்தில் ஒரு தொப்பி வைத்திருக்கிறார், ஜார்ஜியாவின் நிறம். கர்பி ஸ்மார்ட்டைக் கொண்டுவரப் போகிறார். "ஜார்ஜியாவிலேயே ஆடி, 13 முறை எதிரணியின் பந்தைப் பறித்து, பிரிவின் முதல் நிலை அணியில் இடம்பெற்று, அதே ஜார்ஜியாவுக்குப் பயிற்சியாளராகி, 1980-க்குப் பிறகு வராத பட்டத்தை 2021 சீசனில் கொண்டுவந்தார், இறுதி ஆட்டத்தில் உங்கள் சேபனையே 33-18 என்று தோற்கடித்தார், அடுத்த ஆண்டும் பட்டம் வென்றார்" என்பார். அத்தனையும் சரி. கூடவே இதையும் சொல்லச் சொல்லுங்கள்: கல்லூரி முடித்ததும் எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை; இண்டியானாபொலிஸ் அணி சேர்த்துக்கொண்டு பிறகு விட்டுவிட்டது. வால்டோஸ்டா என்ற சின்னக் கல்லூரியில் உதவியாளர் வேலைக்குப் போனார். அதன் பிறகு 2004-ல் லூசியானாவில் ஒரு சீசன், 2006-ல் மயாமியில் ஒரு சீசன், 2007 முதல் அலபாமாவில் ஒன்பது சீசன் என்று மொத்தம் பதினோரு சீசன்கள் ஒரே மனிதருக்கு உதவியாளராக இருந்தார். யாருக்கு? கென்ட் ஸ்டேட்டின் பின்வரிசையில் நின்று, எவரும் பெயர் கேட்காமல் ஆடி முடித்த அந்தக் கார் கழுவிய பையனுக்கு. நண்பர் கர்பியைத் தாராளமாக அழைத்து வரட்டும். ஆனால் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் சபையில் சேர்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. சமையலறையிலிருந்து சாம்பார் வாசனையும் வந்துவிட்டது. நடுவர் ஐயா அவர்கள் தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.